மேற்கே வைத்த கிளுவை

காங்கேயம்,
ஆடி 21

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். திண்ணையில் உட்கார்ந்தால் தாள் பறக்கிறது, உள்ளே போனால் கதவு படார் படாரென்று அடித்துக்கொள்கிறது. பொழுது இறங்கினால் அடங்கும் என்று பார்த்தால், இந்த ஆடியில் ராத்திரியும் ஓய்வதில்லை. இப்போது இஞ்சி தட்டுகிற சின்னக் குழவியைத் தாள் மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். குழவி இன்னும் பறக்கவில்லை.

மாடியில் வைத்த தக்காளி எல்லாம் சாரலில் தண்டு அழுகிப் போய்விட்டது, துணி காயவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே, படித்துச் சிரித்துவிட்டேன். இங்கே காலையில் நனைத்த பாத்தி மத்தியானத்துக்குள் புட்டு மாவு மாதிரி உதிர்கிறது. பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் பொள்ளாச்சியில் உன் வீட்டு வாசலில் இருப்பேன். இரண்டு ஊருக்கும் ஒரே காற்றுதான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் வருகிறது. பொள்ளாச்சிக்குள் நுழையும்போது கையில் தண்ணிக் குடத்தோடு வருகிறவள், எங்கள் ஊர் எல்லைக்கு வருவதற்குள் குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் புழுதியை வாரிக்கொண்டு வருகிறாள். இப்போது லாபம் எல்லாம் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் கரண்டு எடுக்கக் காத்தாடி போட்டவர்களுக்குத்தான்.

மழைக் கணக்கு கேட்டிருந்தாய். எங்கள் பக்கம் வருஷத்துக்குச் சுமாராக 600 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையில் வந்தால்தான் உண்டு. அப்பா மில்லிமீட்டர் பேசியதே இல்லை, உனக்கு நினைவிருக்கும். "ஒரு உழவு மழை", "ரெண்டு உழவு மழை" என்பார். காட்டுக்குள் போய் மண்ணைக் கையால் தோண்டி, ஈரம் எதுவரை போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அவர் கணக்குப்படி ஆனி பிறந்ததிலிருந்து இங்கே பெய்தது கால் உழவுகூடத் தேறாது. கோழிகூட ஒதுங்காத தூறல்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்களே, நானும் எல்லாவற்றையும் இப்போதே போட்டுவிடட்டுமா என்று கேட்டாய். அந்தப் பழமொழியை நம்பி ஐந்து வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விதை முளைக்கிறது, முளைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். மூன்றாம் இலை விடும்போது காற்று பிடித்து ஆட்ட ஆரம்பிக்கும். கத்திரி நாற்றின் தண்டு மண்ணோடு சேர்கிற இடத்தில் சுற்றிலும் ஒரு சின்னக் குழி விழும், பார்த்திருக்கிறாயா? செடி நாள் முழுக்க ஆடி ஆடித் தானே தோண்டிக்கொண்ட குழி அது. அந்த இடத்தில் பட்டை உரிந்து, நாலாம் நாள் சாய்ந்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்கு மேற்கே சுவர் எழுப்பினால் தீரும் என்று நினைத்தேன். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஆறடிச் சுவர். அடுத்த ஆடியில் பார்த்தால் முன்னைவிட மோசம். பீர்க்கம் பந்தல் கால்களோடு பெயர்ந்து கிணற்றடியில் கிடந்தது. மூலனூர்ப் பக்கத்திலிருந்து சொல்லி வாங்கி வைத்த முருங்கைப் போத்து, வெறும் கிளைத் துண்டாக நட்டது, ஆள் உயரம் வந்தது, இடுப்பில் முறிந்து தொங்கியது. சுவரை ஒட்டி இரண்டடிக்கு மட்டும் அசைவே இல்லை. அதைத் தாண்டினால் காற்று மேலிருந்து விழுந்து சுழற்றுகிறது.

அடுத்த தெருவில் ஒரு ஆத்தா இருக்கிறார். மேய்ச்சலுக்குக் கொறங்காடும் மாடும் வைத்துப் பண்ணையம் பார்த்தவர், முட்டி வலி வந்த பிறகு மகனோடு டவுனுக்கு வந்துவிட்டார். ஒரு நாள் மோர் வாங்க வந்தவர் சுவரைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். "செவுரு காத்த நிறுத்தாது கண்ணு, எகிறிக் குதிக்கத்தான் வெக்கும். வேலின்னா வடிகட்டியுடும்" என்றார். அவ்வளவுதான். சித்திரையில் ஒரு மழை விழுந்ததும் அவரே ஆளை விட்டு, முள் வேலிக்கு நடுகிற கிளுவைப் போத்து ஒரு கட்டு அனுப்பினார். சுவருக்கு நாலடி உள்ளே தள்ளி, முழத்துக்கு ஒன்றாக இரண்டு வரிசை நட்டேன். டவுனுக்குள் கிளுவை வேலியா என்று கேட்காதவர் இல்லை. ஆடு கட்டப் போகிறீர்களா டீச்சர் என்றுகூட ஒருவர் கேட்டார்.

இது மூன்றாவது வருஷம். இப்போது இலை குறைவுதான், ஆனால் முள்ளும் குச்சியும் பின்னிக்கொண்டு நிற்கிறது. காற்று அதற்குள் புகுந்து வெளியே வரும்போது வேகம் செத்துவிடுகிறது. நேற்று சும்மா ஒரு வேலை செய்தேன்: வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊதுவத்தி, இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கத்துப் புகை கண்ணுக்கே தெரியவில்லை. இந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு கோடாகப் போனது. சுவருக்குக் கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இருந்தாலும் ஆடியில் எல்லாவற்றையும் போடுவதில்லை. இப்போது அவரை, சுரை, தட்டைப்பயறு மட்டும். கத்திரி, மிளகாய், தக்காளிக்கு ஆவணியில்தான் நாற்று விடுவேன். புரட்டாசி பாதியில் காற்று இறங்கியதும் பிடுங்கி நடுவேன். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். வெயிலும் மழையும் மாறி மாறி வருவது நாற்றுக்கு நல்லதுதான். நீயும் தக்காளியை அதுவரை நிறுத்தி வை. உன் சாரல் ஓய்வதும் ஏறக்குறைய அப்போதுதானே?

அவரையை மட்டும் ஆடியைத் தாண்டிப் போடாதே. முன்னால் போடலாமா என்றால் அதுவும் ஆகாது. ஒரு வருஷம் அவசரப்பட்டு மாசியிலேயே கொடி அவரை போட்டேன். பந்தலை மூடி, குளியலறைக் கூரை மேல் ஏறி, பக்கத்து வீட்டு ஒயரைப் பிடித்தது. பூ என்று ஒன்றுகூட இல்லை. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் சாணி போட, மேலும் மேலும் இலை. ஐப்பசி பிறந்த பிறகுதான் முதல் பூ வந்தது. பகல் குறைந்து ராத்திரி நீண்டால்தான் நாட்டு அவரைக்குப் பூக்கத் தோன்றும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வருஷம் முழுக்க காய் வேண்டும் என்றால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்து அவரை ரகங்கள் இருக்கின்றன. அதற்கு இந்தப் பகல் கணக்கெல்லாம் கிடையாது. ருசி என்னவோ பட்டத்து அவரைக்குத்தான். மார்கழியில் பறித்து மொச்சையோடு போட்டு நம் ஹாஸ்டல் சமையல்காரம்மா வைப்பாரே, அந்தக் குழம்பு குத்து அவரையில் வராது.

அப்புறம், உங்கள் ஊர் அனுப்பிய சீதனம் என் கொய்யாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. சுருள் வெள்ளை ஈயைத்தான் சொல்கிறேன். 2016இல் இந்தியாவிலேயே முதன்முதலாக உங்கள் பொள்ளாச்சித் தென்னையில்தானே கண்டுபிடித்தார்கள்! இலையைத் திருப்பினால் அடியில் கோலமாவால் சுழித்த மாதிரி வெள்ளை வட்டங்கள். அது வடிக்கிற பிசுபிசுப்பு கீழ் இலைகளில் விழுந்து, அதன் மேல் கரும்பூஞ்சை படிந்து, கொய்யா முழுக்க அடுப்புக் கரி பூசியது போல் நிற்கிறது. மருந்துக் கடையில் ஏதோ ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். வாங்கவில்லை. அந்த ஈயின் குஞ்சுக்குள்ளேயே முட்டை வைத்து அதைத் தீர்த்துவிடுகிற பொடிக் குளவி ஒன்று உண்டாம். மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். ஆகவே ஹோஸ் பைப்பை இறுக்கிப் பிடித்து இலைக்கு அடியில் தண்ணி பீய்ச்சுகிறேன். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி நாலு இடத்தில் தொங்கவிட்டதில் இரண்டு காற்றோடு போய்விட்டன. உங்கள் தென்னைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று அண்ணனைக் கேட்டு எழுது.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பேத்தி பள்ளிக்கூடத்தில் செடி வளர்க்கச் சொன்னார்கள் என்று ஒரு கொட்டாங்குச்சியில் கொள்ளு போட்டு, நாளுக்கு ஆறு தடவை தண்ணி ஊற்றி அழுக வைத்தாள். இப்போது இரண்டாவது கொட்டாங்குச்சி.

கிளுவைப் போத்து கேட்டிருந்தாய். உன் ஈரத்தில் அது நிற்குமா என்று எனக்குச் சந்தேகம், வேண்டுமானால் அடுத்த சித்திரையில் பத்து தருகிறேன். அதற்குப் பதிலாக உன் வேலியில் இருக்கிற சிறகவரை விதை கொஞ்சம் வேண்டும். தபாலில் போடாதே, போன தடவை நசுங்கிப் பொடியாக வந்தது. தை நோம்பிக்கு நீயே கொண்டு வா. அதற்குள் அவரை பறிக்கிற பதத்துக்கு வந்திருக்கும்.

உன்,
பழைய அறைத்தோழி

பி.கு.: இந்த ஆடியில் மறுபடி முறிந்த முருங்கையை அடியோடு வெட்டிவிடலாம் என்றிருந்தேன். இன்று காலை பார்த்தால் முறிவுக்குக் கீழே மூன்று இடத்தில் துளிர். மூன்றில் மேற்குப் பக்கத்தைக் கிள்ளிவிட்டேன்.