முதலில் லிஃப்ட்டைப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கோலாலம்பூரில் நீ வாங்க நினைக்கும் அடுக்குமாடி வீட்டின் பதினாலு படமும் பார்த்தேன். சமையல்கட்டு அழகாக இருக்கிறது. பால்கனியிலிருந்து மலை தெரிவதும் அழகுதான். ஆனால் பதினாலில் ஒன்றில்கூட லிஃப்ட் இல்லை, நோட்டீஸ் போர்டு இல்லை, கீழே இருக்கும் தபால் பெட்டி வரிசை இல்லை. முதலில் அந்த மூன்றையும் படம் பிடித்து அனுப்பு. சமையல்கட்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். இங்கே பினாங்கில் நம் ரெலாவ் அடுக்குமாடியில் நான் இரண்டு வருஷம் நிர்வாகக் குழுப் பொருளாளராக இருந்தபோது நீ கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தாய். லீவில் வரும்போதெல்லாம், ரசீதுப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று கேலி பண்ணுவாய். அந்தப் புத்தகத்தில் இருந்த கதையை உனக்கு நான் சொன்னதே இல்லை.

நம் பிளாக்கில் இரண்டு லிஃப்ட். ஒன்று எப்போதும் படுத்தே கிடக்கும். மற்றொன்றும் ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் நின்றுபோனது. பழுது பார்க்க 68,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். பெரிய செலவுக்கென்று சேர்த்துவைக்கும் சிங்கிங் ஃபண்ட் கணக்கில் இருந்தது 3,000 சொச்சம். நாலு மாதம் ஓடவில்லை. ஒன்பதாம் மாடிப் பாட்டிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பழைய சேலையால் இடுப்பைச் சேர்த்துக் கட்டி, அவர் மகனும் எதிர்வீட்டு மலாய்க்காரப் பையனும் தூக்கி இறக்குவார்கள். படிக்கட்டு திரும்பும் இடத்திலெல்லாம் நாற்காலியை வைத்து மூச்சு வாங்குவார்கள். நம் மாடியில் வைக்கும்போது, "லிஃப்ட் எப்பம்மா ஓடும்?" என்று பாட்டி கேட்பார். பணப்பெட்டி சாவி என்னிடம். நான் என்ன சொல்ல?

180 வீட்டில் பாதிப் பேர்தான் மாதாமாதம் மெயின்டனன்ஸ் பணம் கட்டினார்கள். கட்டாதவர்கள் ஏழைகள் என்று நினைக்காதே. கஷ்டப்படுகிறவர் வந்து, "அக்கா, இந்த மாசம் ஐம்பது வெச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டுப் போவார். கட்டாமல் இழுத்தடித்தது, வீட்டை வாங்கி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஆட்களுக்கு ஹாஸ்டலாக விட்ட சொந்தக்காரர்கள். அவர்கள் இருப்பது வேறு ஊரில். லிஃப்ட் நின்றால் அவர்களுக்கென்ன, படி ஏறுகிறவன் கால்தானே வலிக்கும்.

இப்போது நீ பார்த்திருக்கும் செத்தாபாக் வீட்டுக்கு வா. பக்கத்தில் கல்லூரி, முக்கால்வாசி மாணவர்கள், வாடகைக்குக் குறைவே இருக்காது என்று ஏஜென்ட் சொன்னாராம். எனக்கு அதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. எத்தனை வீட்டில் சொந்தக்காரர் குடியிருக்கிறார் என்று காவல்காரரிடம் கேள். ஏஜென்டைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும். நிர்வாக அலுவலகத்தில் கடைசி ஆண்டுக் கூட்ட அறிக்கையும் தணிக்கைக் கணக்கும் கேள். காட்டத் தயங்கினால் வீட்டை விற்கிறவர் மூலமாகக் கேள். பாக்கிக்காரர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சட்டமே இடம் கொடுக்கிறது. அது ஒரு பக்கமா, எட்டுப் பக்கமா என்று எண்ணு. தபால் பெட்டிகளில் கடிதம் பிதுங்கிக்கொண்டு நின்றால், அந்த வீடுகளில் ஆளில்லை என்று அர்த்தம்.

மெயின்டனன்ஸ் ரொம்பக் குறைவு என்று ஏதோ நல்ல சேதி மாதிரி எழுதியிருக்கிறாய். குறைவாக வசூலித்தால் எதில் பெயின்ட் அடிப்பார்கள், எதில் தண்ணீர்த் தொட்டி கழுவுவார்கள்? மெயின்டனன்ஸோடு அதில் 10 விழுக்காடு சிங்கிங் ஃபண்டுக்கு என்று அடுக்குமாடிகளுக்கான 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் வைத்திருப்பதே, லிஃப்ட் மாதிரி பெரிய செலவு ஒரு நாள் வந்தே தீரும் என்பதால்தான். விற்கிறவருக்குப் பாக்கி இல்லை என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கும்படி வக்கீலிடம் சொல்லிவை.

வீட்டை ஞாயிறு காலை பத்து மணிக்குப் பார்த்திருக்கிறாய். அந்த நேரத்தில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். வேலை நாளில் ராத்திரி ஏழரைக்குப் போய், லிஃப்டுக்கு எவ்வளவு நேரம் நிற்கிறாய் என்று பார். நல்ல மழை பெய்த மறுநாளும் ஒரு தடவை போ. கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் சுவரில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று குனிந்து பார். 2017 நவம்பர் வெள்ளத்தில் இங்கே பினாங்கில் எத்தனை கார் மூழ்கியது என்று உனக்குத் தெரியும். குளியலறைக் கூரையில் ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் விரலால் தட்டிப் பார். மேல்வீட்டுக் கசிவுதான் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்கவும் வேண்டும். ஆனாலும் மேல்வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டுமே! அந்தச் சண்டைக்கு நான் சாட்சியாகவே போயிருக்கிறேன்.

பணக் கணக்கு. விலை 4,20,000, பேங்க் 90 விழுக்காடு தரும், கையில் 42,000 போதும் என்று எழுதியிருக்கிறாய். பேங்க் பார்ப்பது தன்னுடைய மதிப்பீட்டை. 3,90,000தான் பெறும் என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால் கடன் 3,51,000. மீதி 69,000 நீ போடவேண்டும். அதனால் இரண்டு மூன்று பேங்கில் முன்கூட்டியே மதிப்புக் கேட்டுவிடு. வக்கீல் கட்டணம் வாங்கும் பத்திரத்துக்கு ஒன்று, கடன் பத்திரத்துக்கு ஒன்று. 5,00,000 வரைக்கும் முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு உண்டு, அதையும் வக்கீலிடம் கேள்.

ஏஜென்ட் இந்த வாரமே கேட்கும் முன்பணம் 8,400ஐக் கொடுக்காதே. கடன் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று அந்தத் தாளில் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதச் சொல். அவர் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கு. பணம் அவர் சொந்தக் கணக்குக்குப் போகக்கூடாது. அந்த வீட்டுக்கென்று தனி ஸ்ட்ராட்டா கிராண்ட் (உரிமைப் பத்திரம்) வந்துவிட்டதா, 99 வருஷக் குத்தகை என்றால் மீதி எத்தனை வருஷம் என்பதையும் பார். நம் வீட்டுக்கு கிராண்ட் வர பதினோரு வருஷம் ஆனது, அதற்குள் கட்டியவர்கள் கம்பெனியையே மூடிவிட்டார்கள். அப்பா அலைந்த அலைச்சல் உனக்கு ஞாபகம் இருக்காது, சின்னப் பிள்ளை.

வீட்டை உன் பெயரிலும் நீ விரும்பும் பெண்ணின் பெயரிலும் போடலாமா என்று கேட்டாய். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். பத்திரத்தில் பெயர் ஏறினால் அவளுக்கும் இதுதான் முதல் வீடு. பிறகு அவள் தனியாக ஒன்று வாங்கும்போது முதல் வீட்டுச் சலுகை இருக்காது. இதை அவளிடம் சொல்லிவிட்டு முடிவு பண்ணு, சொல்லாமல் பண்ணாதே.

உன் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. உன் தாத்தா ரப்பர் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் பால் மரம் வெட்டினார். ஓய்வு பெற்றதும், தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்தது. பாட்டி கோழிக்கூட்டைக்கூடப் பிரித்து லாரியில் ஏற்றினார். அதிலிருந்து நம் வீட்டில் யாரிடமாவது "சொந்த வீடு" என்று சொன்னால் போதும், பேனாவை எடுத்துவிடுவோம். நானும் அப்படித்தான் ரெலாவில் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பட்டர்வொர்த்தில் ரயில் ஏறுகிறேன், ராத்திரி கேஎல் சென்ட்ரலுக்கு வந்துவிடு. சனிக்கிழமை அந்த வீட்டுக்கு நாம் இரண்டு பேரும் போவோம், ஏஜென்டிடம் சொல்ல வேண்டாம். காவல்காரர் தமிழர் என்றாயே, அவருக்கும் சேர்த்து முறுக்கு சுட்டு எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா