எந்தக் குழந்தைக்கு எந்த மருத்துவர்? தமிழ்க் கையேட்டுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கடலூர், புதுச்சேரிப் பகுதியில் நீண்ட நாள் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் பெற்றோர் சிலரும், ஓய்வுபெற்ற செவிலியர்கள், ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து ஒரு கையேடு தயாரித்து வருகிறோம். இந்தப் பகுதியின் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தை மருத்துவம் கற்பிக்கும் பேராசிரியர்கள் எந்தெந்த நோய்களில் தனிக் கவனம் செலுத்துகிறார்கள், எதை ஆராய்கிறார்கள் என்பதைத் தமிழில் சொல்லும் கையேடு அது. எழுத்து வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அச்சுக்குத்தான் பணம் இல்லை.

டாக்டர்கள் பட்டியலுக்கு ஒரு புத்தகமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

நம் ஊரில் குழந்தை டாக்டர் என்றால் ஒரே வகை. சளி, காய்ச்சல், தடுப்பூசிக்கு அது போதும். பக்கத்துத் தெரு டாக்டரே நன்றாகப் பார்ப்பார். கோரிமேட்டு ஜிப்மருக்கோ, கதிர்காமத்தில் இருக்கும் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, சிதம்பரத்தில் இருக்கும் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போகிற அளவுக்கு நோய் முற்றினால் கதை வேறு. குறைமாதக் குழந்தைகள், வலிப்பு, சிறுநீரகம், ரத்தப் புற்றுநோய், பிறவி இதயக் கோளாறு, சர்க்கரை, வளர்ச்சித் தாமதம் என்று குழந்தை மருத்துவத்துக்குள்ளேயே தனித்தனிப் பிரிவுகள் உண்டு. யார் எதில் ஆர்வமுள்ளவர் என்ற விவரம் கல்லூரிகளின் இணையதளங்களில் ஓரளவு கிடைக்கும், ஆங்கிலத்தில். காலையில் முகம் வீங்கி எழுந்திருக்கும் மகனுக்குப் பார்க்க வேண்டியது 'பீடியாட்ரிக் நெஃப்ராலஜி', அதாவது குழந்தைகள் சிறுநீரகப் பிரிவு என்று குள்ளஞ்சாவடியிலிருந்து பஸ் ஏறி வரும் ஓர் அம்மாவுக்கு யார் சொல்வது? ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இருந்தால் அவர் சொல்வார். இல்லாதவர்கள் சுற்றி அலைந்து தெரிந்துகொள்கிறார்கள்.

சில நோய்கள் அந்த அலைச்சலுக்கு அவகாசம் தருவதில்லை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை சகஜம், பெரும்பாலும் தானே போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் போகாமல், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால் அது சாதாரணக் காமாலை இல்லை. கல்லீரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். இதற்கு ஜப்பானிய அறுவை மருத்துவர் கசாய் 1950களில் கண்டுபிடித்த அறுவை சிகிச்சை உண்டு. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பலன் அதிகம். நாள் போகப் போகக் கல்லீரல் கெட்டுக்கொண்டே வரும். கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம், மந்திரித்துப் பார்ப்போம் என்று போகிற வாரங்கள் அந்த 60 நாள் கணக்கில்தான் கழிகின்றன. அதேபோல, கர்ப்பத்தின் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். தவறினால் பார்வையே போகக்கூடும். இன்குபேட்டரிலிருந்து நல்லபடியாக வீடு வந்த குழந்தையை மறுபடி கண் பார்க்கக் கூட்டிப் போக வேண்டும் என்பது பல வீடுகளில் யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொன்று, கைக்குழந்தை தூங்கி எழும்போது அடுத்தடுத்துத் தலையைக் குனிந்து கைகளை விரித்து உதறுவது. வயிற்று வலி என்று ஓம வாட்டர் கொடுப்போம். அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். சிகிச்சை தள்ளிப்போனால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். இதை முதலில் எழுதியவர் வெஸ்ட் என்ற இங்கிலாந்து மருத்துவர். 1841இல் லான்செட் என்ற மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதி, தன் சொந்த மகனுக்கு வருவதை விவரித்து, மற்ற மருத்துவர்களிடம் யோசனை கேட்டார். இன்றைக்கு நாம் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினாலே மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். கையேட்டில் இதற்கு ஒரு முழுப் பக்கம் வைத்திருக்கிறோம்.

ஆராய்ச்சிப் பகுதி எதற்கு என்று எங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை நடந்தது. வைத்தே தீர வேண்டும் என்று முடிவானது. ஏனென்றால் வார்டில் யாராவது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், நம் பிள்ளையை வைத்துச் சோதனை பண்ணுகிறார்களோ என்று பயம் வருகிறது. அல்லது, எதுவும் கேட்காமல் போட்டுவிடுகிறோம். இரண்டுமே தேவையில்லை. ஆய்வு நோயாளிகளுக்குக் கேடில்லாததா என்று முன்கூட்டியே பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஆய்வு நடக்கக்கூடாது. புரிகிற மொழியில் விளக்கம் கேட்கலாம், மறுக்கலாம், பாதியில் விலகலாம். விலகினால் சிகிச்சையைக் குறைக்கக்கூடாது. ஏழு வயது ஆன பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழிகாட்டுதல்கள்.

ஆய்வால் நமக்கு என்ன லாபம் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனே தாயின் மார்போடு அணைத்து வைத்தால் என்ன ஆகும் என்று டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் பார்த்தார்கள். முடிவு 2021இல் வந்தது. வழக்கமான முறையில் முதல் 28 நாளில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தார்கள். உடனே அணைத்தவர்களில் 12. மருந்தும் இல்லை, பெரிய மெஷினும் இல்லை. தாய்க்கும் குழந்தைகளின் தீவிர சிகிச்சை அறைக்குள் ஒரு கட்டில் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கு நெருக்கமான விஷயம் செந்தேள் கடி. மகாராஷ்டிராவின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவர் பவாஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை தேள் விஷத்தில் உயிர் காப்பதை 1980களில் கண்டு எழுதினார். ஜிப்மர் குழந்தை மருத்துவத் துறையிலிருந்தும் தேள் கடி பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. பண்ருட்டி முந்திரிக்காட்டு ஓரம் குடியிருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

எல்லா ஆய்வும் இந்த ரகம் என்று சொல்ல மாட்டோம். பதவி உயர்வுக்காக எழுதப்படுபவையும் உண்டு, அவற்றை விட்டுவிடுகிறோம். ஆனால் எம்.டி. படிப்பவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். நம் பிள்ளைகளின் ரத்தமும் சிறுநீரும் கொடுத்து உருவான அந்த முடிவுகள் ஆங்கிலத்தில் நூலக அலமாரியில் இருக்கின்றன. பயனுள்ளவற்றை நாலு வரித் தமிழில் கொடுக்கப்போகிறோம்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். 5,000 பிரதிகள், ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 40 ரூபாய், ஆக 2 லட்சம். படங்களுக்கும், படிக்கத் தெரியாதவர்களுக்கான ஒலிப்பதிவுக்கும் 40,000. எழுதுவது, மெய்ப்புப் பார்ப்பது எல்லாம் இலவசம். மருத்துவப் பகுதியைச் சரிபார்க்கும் மருத்துவர்களும் காசு வாங்கவில்லை. கையேட்டை விற்க மாட்டோம். அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி என்று நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

யாரையும் சிறந்த மருத்துவர் என்று இதில் எழுத மாட்டோம், தனியார் கிளினிக் விளம்பரமும் கிடையாது. எந்தப் பிரிவு எந்தக் கிழமை இயங்கும், முதலில் எந்த ஓ.பி.யில் சீட்டு வாங்க வேண்டும், கையில் எந்தப் பழைய ரிப்போர்ட் இருக்க வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். மருந்துக் கம்பெனிகளிடம் பணம் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பால்பவுடர் கம்பெனிகளிடம் நிச்சயமாக இல்லை. அவர்களின் விளம்பரத்தைத் தடுக்க 1992லேயே சட்டம் வந்துவிட்டது.

அதனால்தான் உங்களிடம் வருகிறோம். பத்து ரூபாயும் நன்கொடைதான். பணம் முடியாதவர்கள் ஒரு ரீம் காகிதம் வாங்கித் தரலாம், ஊருக்குக் கட்டுகளைக் கொண்டுசேர்க்க வண்டி தரலாம். நாங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை இல்லை, எனவே வருமான வரி விலக்கு கிடைக்காது. வரவு செலவை மாதா மாதம் எழுதி, கொடுத்தவர்கள் அனைவருக்கும் அனுப்புவோம். தை மாதக் கடைசி வரை வசூல், மாசி மகத்துக்குள் புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். பணம் மிஞ்சினால் இரண்டாம் பதிப்புக்கு வைப்போம். பேராசிரியர்கள் இடமாறுவார்கள், பிரிவுகள் நாள் மாறும், திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய புத்தகம் இது.

குழுவினர் நேரில் வரும்போது எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் கையில் இருக்கும். ரசீது தராத யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், எங்கள் பெயரைச் சொன்னாலும் சரி.

இப்படிக்கு,
கையேட்டுக் குழுவினர்,
கடலூர்