பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழமைபோல. கல்லடியில் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வேறு புதினம் இல்லை.

நாலு மாதத்துக்குப் பிறகு உன் மெசேஜ் வந்தது. “அப்பா, வீட்டில் வைத்துக் கார் திருத்த மலிவான வெல்டிங் பிளான்ட் எது?” அவ்வளவுதான். அம்மா போனை வாங்கி, வேறேதும் எழுதியிருக்கிறாயா என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். படத்தை நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். 1959 மொறிஸ் மைனர். கதவுக்குக் கீழே கறள் தின்ற ஓட்டைக்குள் என் கை போகும். கராஜ் வாசலில் ஒரு சோடிச் செருப்புத்தான் கிடந்தது.

சரி, பிளான்டுக்கு வருகிறேன். வெல்டிங் கூர் வைத்து ஒட்டுகிற ஆர்க் பிளான்ட்தான் மலிவு, ஆனால் வாங்காதே. அது கேற்றுக்கும் உழவு மெசின் பெட்டிக்கும் சரி. உன் காரில் ஒரு மில்லிமீற்றர்கூட வராத தகரம் இருக்கும். தொட்டவுடன் ஓட்டை விழும். உனக்கு வேண்டியது மிக், சுருளிலிருந்து கம்பி தானாக ஓடிவந்து ஒட்டுகிற பிளான்ட். 200 அம்பியர் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதே. எவ்வளவு கூடப் போகும் என்பதல்ல, எவ்வளவு குறையும் என்று கேள். 30 அம்பியருக்கு இறங்க வேண்டும். 0.6 மில்லிமீற்றர் கம்பி ஓட வேண்டும். காஸ் இல்லாமல் ஒட்டுகிற கம்பியும் இருக்கிறது, சிலிண்டர் செலவு மிச்சம். ஆனால் சூடு கூட, பொறி கூட, மெல்லிய தகரத்தில் பிடிப்பது கஷ்டம். ஆர்கனோடு காபனீரொட்சைட்டு கலந்த காஸ் வாங்கு. பிளான்டில் மிச்சம் பிடி, காஸிலும் மாஸ்கிலும் பிடிக்காதே. ஒருகாலம் காஸ் இல்லாத கம்பிக்கு மாறினால் உள்ளே வயரையும் மாற்றிப் பூட்ட வேண்டும். கம்பி நெகட்டிவுக்கு வரும். அதற்கு வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே மூடியைத் திறந்து பார்.

பெரியப்பா மகனிடம் அவுஸ்திரேலியா பிளக்கைப் பற்றிக் கேட்டேன். வீட்டுச் சுவரில் இருப்பது 10 அம்பியராம், பெரிய பிளான்டுக்கு வரும் 15 அம்பியர் பிளக்கின் எர்த் கால் அகலமாம், சிலர் அதை அராவி நுழைக்கிறார்களாம். நீ அந்த வேலை பார்க்காதே, 10 அம்பியரில் ஓடுகிறதையே வாங்கு. அவனிடம் வேறொன்றும் நான் கேட்கவில்லை.

மொறிஸுக்குத் தனியே சேசிஸ் இல்லை. அடித்தகரமும் கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டித் தகரமும்தான் அதன் எலும்பு. வெட்டுவதற்கு முன் உள்ளே குறுக்கே இரும்பு வைத்து முட்டுக் கொடு, இல்லாவிட்டால் உடம்பு தொய்ந்து கதவு பூட்டாது. கறளுக்கு மேலே ஒட்டாதே. மினுங்குகிற தகரம் வரும்வரை வெட்டு. கோடாக இழுக்காதே. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, ஆறவிட்டுத் திரும்பி வா. பற்றரி வயரைக் கழற்று. பெற்றோல் தாங்கியை இறக்கித் தூர வை. வெறுந்தாங்கிதான் கூட ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி. அடியில் பூசிய தார் உள்பக்கமாகப் பற்றும், ஒட்டுகிறவருக்குத் தெரியாது. அதனால்தான் பக்கத்தில் ஒரு ஆள் வாளித் தண்ணீரோடு நிற்க வேண்டும். தகரத்தின் மற்ற முனையைப் பிடிக்கவும் ஆள் வேண்டும். யார் பிடிக்கிறது, மகள்?

நீ செய்வாய் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் மகன்மாரை வைத்திருக்கிற கராஜ்காரர் யாருக்கும் மொறிஸ் வாங்கி வெட்டுகிற பிள்ளை இல்லை. ஆனால் நாலு மாதம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு பிளான்ட் விலை கேட்கிற பிள்ளையும் யாருக்கும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். படுவான்கரையிலிருந்து வந்த மெசின் பெட்டியை ஒட்டும்போது பிடிக்கச் சொல்லி உன்னைக் கூப்பிட்டேனே, ஞாபகமா? உனக்குப் பன்னிரண்டு வயது. இருந்தது ஒரு மாஸ்க், அது என் முகத்தில். கண்ணை மூடிக்கொள் என்று மட்டும் சொன்னேன். நடுச்சாமத்தில், கண்ணுக்குள் மணல் என்று நீ கத்தினாய். அம்மாவிடம் கண்நோய் என்றேன். அவள் வேப்பிலை கட்டி, ஒருவரையும் கிட்ட விடாமல், பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கி விட்டாள். நான் வாசலில் நின்றேன். அடுத்த கிழமை, பெண்பிள்ளைக்குக் கராஜில் என்ன வேலை என்று உன்னைத் துரத்தினேன். பெண்பிள்ளை என்பதற்காக இல்லை. உன் கண்ணைப் பார்த்தால் எனக்கு என் பொய்தான் தெரிந்தது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நீயும் அதைக் கண்நோய் என்றே நினைத்திருப்பாய்.

வெளிச்சம் பட்டவுடன் தானாக இருளுகிற மாஸ்க் இரண்டு வாங்கு. ஒன்றல்ல, இரண்டு. காசு நான் அனுப்புகிறேன்.

மருமகனைக் கேட்டதாக எழுத இருந்தேன், அம்மா எழுத வேண்டாம் என்கிறாள். உனக்கு இரவு பத்தரை என்றால் எங்களுக்கு ஆறு மணிதான். எடு.

அப்பா