தந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு விடுப்பு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதும், குழந்தை அப்படியே உன் அம்மாவின் சாயலில் இருப்பதும் படித்து மிகவும் மகிழ்ந்தேன். அவள் இங்கே தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை என்பதால் ஓராண்டு முழுவதும் ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பு கிடைக்கிறது என்று, மத்திய அரசில் இருக்கும் நீ வியந்து எழுதியிருந்தாய். உங்களுக்கு இன்றும் 180 நாள்தானே. நான் பணியில் சேர்ந்தபோது இங்கே 90 நாள்தான் இருந்தது. அதை 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்த்தினார்கள். அந்த விடுப்புக் காலத்தை, பணி உறுதியாகும் முன்னரான தகுதிகாண் பருவத்திலும் சேர்த்துக் கணக்கிடலாம் என்ற அறிவிப்பு 2025 ஏப்ரலில் வந்தது. அதற்கு அடுத்த மாதமே, மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்காக விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்ட தருமபுரி மாவட்ட ஆசிரியை ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்தது. தாய்மைக்கான விடுப்பில் தமிழ்நாடு நெடுந்தூரம் வந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான்.

அப்பாவைப் பற்றி விசாரித்திருந்தாய். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சையும் முடிந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை நடக்கிறார். முதல் சில வாரங்கள்தான் கடுமையாக இருந்தன. படுக்கைப் புண் வராமலிருக்க இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் இயன்முறைச் சிகிச்சையாளர் வரும் நேரத்தில் யாராவது ஒருவர் காலைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அந்த வலு இல்லை. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். ஆகவே நான்தான் விடுப்பு எடுத்தேன்.

பணிசெய்த காலத்துக்கேற்ப நம் கணக்கில் சேரும் ஈட்டிய விடுப்புக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தபோது பிரிவு உதவியாளர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "ஈட்டிய விடுப்பை ஏன் மேடம் வீணாக்குகிறீர்கள்? முதுகு வலி என்று ஒரு சான்றிதழ் வாங்கி மருத்துவ விடுப்புப் போட்டுவிடுங்கள், எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்." அவர் சொன்னது உண்மைதான். எங்கள் விதிகளில் மருத்துவச் சான்றின் பேரில் தரப்படும் ஈட்டா விடுப்பு, அதாவது ஈட்டிய விடுப்புக் கணக்கில் கழியாத விடுப்பு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து அதிகபட்சம் 540 நாள் வரை உண்டு. ஆனால் அது ஊழியரின் சொந்த உடல்நலக் குறைவுக்கு மட்டுமே. தந்தையின் எலும்பு முறிவுக்கு அதிலிருந்து ஒரு நாள்கூட எடுக்க முடியாது. படுத்த படுக்கையாக இருப்பவர் அவர். நோயாளி என்று கையெழுத்திட வேண்டியவள் நான். எனக்கு அதற்கு மனம் ஒப்பவில்லை. ஈட்டிய விடுப்பையே எடுத்தேன். பணிப்பதிவேட்டின் விடுப்புக் கணக்கில் அந்த நாள்கள் சிவப்பு மையில் கழிக்கப்பட்டதைப் பார்த்தபோதுதான், நான் எடுத்தது உண்மையில் ஊதியத்துடன் கூடிய விடுப்பே அல்ல என்பது உறைத்தது. ஓய்வுபெறும்போது 240 நாள் வரை பணமாக்கிக்கொள்ளக்கூடிய சேமிப்பு அது. அப்பாவைப் பார்த்துக்கொண்ட ஒவ்வொரு நாளுக்கும் என் முதுமைக்கென்று வைத்திருந்ததிலிருந்து நானே ஊதியம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் பக்கத்திலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை என்றே நினைக்கிறேன். வயதான பெற்றோரைக் கவனிக்க விடுப்பு உண்டா என்று 2025 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டபோது, ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரை ஊதிய விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுமுறை ஆகியவற்றை எந்தச் சொந்தக் காரணத்துக்காகவும் எடுக்கலாம், பெற்றோரைக் கவனிப்பதும் அதில் அடங்கும் என்று மத்திய அரசு பதில் சொன்னது. ஏற்கெனவே நம் கணக்கில் இருப்பதையே எடுத்துக்கொள்ளச் சொல்லும் பதில் அது. பிள்ளைகளுக்கென்று உங்களுக்கு 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு இருக்கிறது; மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியபோது நீகூட எடுத்தாய். பெற்றோருக்கென்று அப்படித் தனியாக ஒரு நாளும் இல்லை. இத்தனைக்கும், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை 2007இல் இயற்றி, பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் தர வேண்டும் என்று விதித்தது இதே அரசுதான். கவனித்துக்கொள்வது கடமை என்று சட்டம் போட்ட அரசு, அந்தக் கடமையைச் செய்வதற்கான நேரத்தையும் தன் ஊழியர்களுக்குத் தர வேண்டாமா?

நான் கேட்பது புதிதாக ஒரு பெரிய சலுகையை அல்ல. ஏற்கெனவே இருக்கும் அந்த 540 நாள்களில் ஒரு பகுதியை, பெற்றோர், துணைவர், துணைவரின் பெற்றோர் ஆகியோரின் மருத்துவச் சான்றைக் கொண்டும் எடுக்கலாம் என்று விதியைத் திருத்தினால் போதும். அமெரிக்காவில், தனியார் துறைக்கும் சேர்த்து 1993இல் வந்த குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் தருவது ஊதியமில்லாத 12 வாரங்களைத்தான். ஆனால் அந்நாட்டு மத்திய அரசு ஊழியர்கள், தங்கள் நோய் விடுப்பில் சேர்ந்திருப்பதிலிருந்து ஆண்டுக்கு 12 வாரம் வரை, கடும் நோயுற்ற குடும்பத்தினரைக் கவனிக்கவும் ஊதியத்துடன் பயன்படுத்தலாம். அந்த வழியைத்தான் நானும் சொல்கிறேன். தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று மறுப்புச் சொல்வார்கள் என்பதும் தெரியும். இன்று நடப்பதோ அதைவிட மோசம்: நேர்மையாக உழைக்கும் ஊழியர்கள் பொய்ச் சான்று வாங்குகிறார்கள், மருத்துவர்கள் தெரிந்தே கொடுக்கிறார்கள், அதிகாரிகள் தெரிந்தே ஒப்பளிக்கிறார்கள். உண்மையான நோயாளியின் பெயரில் சான்று வாங்க அனுமதித்தால் சரிபார்ப்பது எளிது.

இன்னொன்றும் இதில் உண்டு. இந்த விடுப்பு ஆண்களுக்கும் சமமாக இருக்க வேண்டும். மாமனாருக்கு உடல்நலமில்லை என்றால் மருமகளின் விடுப்புதான் கழிகிறது; மகன் வழக்கம்போல அலுவலகம் போகிறார். எங்கள் பிரிவில் விடுப்புக் கணக்கு வற்றிப்போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தாம்.

எங்கள் அலுவலகக் கணினி இயக்குபவரை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. நிரந்தரப் பணி இல்லை; மாதம் ஒரு மொத்தத் தொகை மட்டும் தரும் தொகுப்பூதியத்தில் இருக்கிறாள். அம்மாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். வராத நாளுக்குச் சம்பளம் பிடித்தம் என்பதால், அதிகாலையில் அம்மாவை மருத்துவமனையில் படுக்க வைத்துவிட்டு, பத்து மணிக்கு இங்கே வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள். நான் கேட்கும் விதித் திருத்தம் நாளையே வந்தாலும் அவளுக்குப் பயன்படாது, ஏனென்றால் விதி, எங்களைப்போல் காலமுறை ஊதியத்தில் நிரந்தரமாக இருப்பவர்களுக்குத்தான். ஆகவே எங்கள் ஊழியர் சங்கத்துக்குக் கொடுக்கும் கோரிக்கையில் தொகுப்பூதியப் பணியாளர்களையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்று உறுதியாக இருக்கிறேன்.

மாவட்டக் கூட்டத்துக்கு முன் வரைவை முடித்துவிட எண்ணுகிறேன். அரை ஊதிய விடுப்பைப் பெற்றோருக்காகக் கேட்டவர்களுக்கு உங்கள் அலுவலகத்தில் நடைமுறையில் எப்படி ஒப்பளிக்கிறார்கள், என்ன காரணம் காட்டி மறுக்கிறார்கள் என்று விசாரித்து எழுது. குழந்தை பராமரிப்பு விடுப்புக்கான ஆணையின் நகல் ஒன்றும் அனுப்பு. அதன் வாசகத்தை ஒட்டியே எங்கள் கோரிக்கையை எழுதினால் நிதித் துறைக்குப் புரியவைப்பது எளிதாக இருக்கும். மருமகளுக்கும் குழந்தைக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் தோழி