மயிலாற்றுக்கு மாத்திரை வந்த வழி

எல்லோருக்கும் வணக்கம்.

என் அப்பாவுக்குக் காசநோய் சிகிச்சை முடிந்துவிட்டது. கடைசிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்திருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே சின்ன மயிலாறு காணிப் பழங்குடிக் குடியிருப்பில் இருக்கிற ஒருவருக்கு ஆறு மாதமும் விடாமல் மாத்திரை போய்ச் சேர்ந்ததென்றால் அது அவராலும் என்னாலும் மட்டும் நடந்த காரியமில்லை. நேரில் சொன்ன நன்றி போதவில்லை, அதனால் எழுதுகிறேன். சிலர் வேண்டாம் என்றதால் யார் பெயரையும் போடவில்லை. அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி எங்கள் பிலாத்திக்கு. மந்திரிக்கிறவருக்கா நன்றி என்று கீழே உள்ளவர்கள் கேட்கலாம். எங்கள் பக்கம் இருமல் வந்தால் முதலில் ஆடாதோடை, தூதுவளை, தேன். அதற்குக் கேட்காவிட்டால் தெய்வக் குற்றமோ, காட்டில் எதுவும் பட்டுவிட்டதோ என்று பிலாத்தியிடம் போவோம். அவர் ராத்திரி முழுக்கக் கொக்கரை என்கிற இரும்பு வாத்தியத்தை உரசிக்கொண்டு, நோய் தீரப் பாடுகிற சாற்றுப் பாட்டைப் பாடினார். விடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, "நான் பாட வேண்டியதைப் பாடிட்டேன். சாயங்காலம் ஆனா காய்ச்சல் வருது, ஆளு உருகிக்கிட்டே போறான். கீழ கூட்டிட்டுப் போயி சளியைப் பாருங்க" என்றார். நாங்கள் அத்தனை பேர் சொல்லியும் அசையாத அப்பா, அந்த ஒரு வார்த்தைக்கு எழுந்து சட்டையை மாட்டினார்.

மலைக்காரர்கள் மூடநம்பிக்கையால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு தடவை இறங்கி ஏறினால் நோயாளியின் கூலியும் போகும், கூட வருகிறவரின் கூலியும் போகும். அதையும் பார்க்காமல் முன்பே ஒரு முறை இறங்கி வந்து ஒரு தனியார் கிளினிக்கில் காட்டியிருந்தோம். ஊசியும் டானிக்கும் கிடைத்தன. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளியைப் பார்க்க வேண்டும் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை, எங்கள் பிலாத்திக்குத் தோன்றியது.

அப்புறம் சுகாதாரப் பணியாளர் அக்கா. அப்பா முதலில் டப்பாவில் கொடுத்தது வெறும் எச்சில். அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இது வாய்த்தண்ணி அண்ணாச்சி, எனக்கு நெஞ்சுச்சளி வேணும்" என்றார். மறுநாள் விடியற்காலையில் அப்பாவை வாய் கொப்பளிக்கச் சொல்லி, காற்றோட்டமான முற்றத்தில் நிறுத்தி, தானும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். இரண்டு தடவை மூச்சை ஆழமாக இழுத்து விடவைத்து, அடுத்த மூச்சுக்கு அடிவயிற்றிலிருந்து இருமச் சொன்னார். வந்தது. மூடியை இறுக்கிக் காரையாறு பஸ்ஸில் அவரே கொண்டுபோனார். அவருக்காக இரண்டு நிமிஷம் வண்டியை நிறுத்தி வைத்த கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி. சளியில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கிற ட்ரூநாட் கருவியில் பார்த்து, கிருமி இருக்கிறது, ஆனால் ரிஃபாம்பிசின் என்கிற முக்கியமான காசநோய் மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமிதான் என்று சொன்னார்கள்.

மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே, "ஐயா, ஒன்னுக்கு ஆரஞ்சுக் கலர்ல போகும், ரத்தம்னு பயந்து நிறுத்திராதீங்க" என்று சொன்ன சிஸ்டரை மறக்க மாட்டேன். அது மட்டும் தெரியாமல் இருந்திருந்தால் இரண்டாம் நாளே மாத்திரையெல்லாம் ஆற்றோடு போயிருக்கும்.

அம்மா அப்பாவுக்குத் தனித்தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வருவதும் நின்றது. டாக்டர் ஒருநாள் மேலே வந்து எங்கள் ஊர்த் தலைவரான மூட்டுக்காணி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தட்டில் ஒட்டிப் பரவுகிற நோயில்லை, இருமும்போது காற்றில் பரவுவது, மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரத்திலேயே பரப்புவது வெகுவாகக் குறைந்துவிடும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வீட்டில் மற்றவர்களையும் பரிசோதித்துத் தடுப்பு மாத்திரை கொடுத்தார். அன்று மதியம் அவருக்குப் போட்ட மரச்சீனிக் கிழங்கை அப்பா கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லிச் சாப்பிட்டாரே, அது அந்தப் பேச்சைவிட நன்றாக வேலை செய்தது.

காசநோயாளிகளுக்கு அரசு தருகிற மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்துப் பணம் வர அப்பாவின் வங்கிக் கணக்கை உயிர்ப்பித்துக் கொடுத்த அலுவலருக்கும், அந்தப் பணம் வரும்வரை முட்டையும் பயறும் கடனாகத் தந்த வி.கே.புரம் கடைக்கார அண்ணாச்சிக்கும் நன்றி. ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கும் சத்துணவு கொடுத்துப் பார்த்ததில், அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் வந்த ஆய்வைப் பற்றி டாக்டர் சொன்னார். அண்ணாச்சி கடன் கொடுத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மழைக்காலத்தில் நாங்கள் இறங்க முடியாதபோது செக்போஸ்ட்டிலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு நடந்துவந்த வேட்டைத் தடுப்புக் காவலர் தம்பிக்கு என்ன சொல்வது? நம்ம பிள்ளைதான், கோபித்துக்கொள்ள மாட்டான்.

யாரென்றே தெரியாத இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களைப் போலவே வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் குணமாவார்கள் என்று நிரூபித்துக் காட்டிய ஏழை நோயாளிகள் அவர்கள். இல்லாவிட்டால் அப்பாவை மாதக்கணக்கில் எங்கேயோ ஒரு கட்டிலில் போட்டிருப்பார்கள். காட்டைவிட்டு அவர் அப்படி இருந்திருக்கவே மாட்டார்.

உதவிய அதிகாரிகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி ஆகிய எங்கள் காணிக் குடியிருப்புகளுக்கு மாதத்தில் ஒரு நாள் சளி டப்பாவோடு யாராவது மேலேயே வந்தால் போதும். யாருக்குச் சளி பார்க்க வேண்டும் என்று எங்கள் பிலாத்தி சொல்லிவிடுவார்.

சிகிச்சை முடிந்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கொருமுறை பார்க்க வேண்டுமாம். அடுத்த தடவை அப்பா வரும்போது கண்டக்டர் அண்ணன் கேட்ட தேனும் வரும். காசு கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அம்பாசமுத்திரத்தில் இருந்து, மயிலாற்று மகள்