திறனையும் நலனையும் ஒரே தலைப்பில் எழுதுவோம்

நண்பர்களே, கல்விக் கொள்கை வரைவுக்கு நாம் அனுப்பும் கருத்துரையில் ஆசிரியர் திறன் ஒரு பக்கமும் ஆசிரியர் நலன் கடைசிப் பக்கமுமாகக் கிடக்கிறது, இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரவு 11 மணி வரை 50 நோட்டுகளைத் திருத்திவிட்டு வருகிறவரிடம் காலையில் இன்னொரு வகுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால், எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும், 1/3-ஐ விட 1/4 பெரியது என்று எழுதிய பிள்ளையிடம் ஏன் அப்படி நினைத்தாய் என்று நின்று கேட்க மாட்டார், விடையை அடித்துத் திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். கேட்கத் தெரியாமல் இல்லை, நேரம் இல்லை.

1966 அக்டோபர் 5 அன்று பாரிஸில் ஏற்கப்பட்ட யுனெஸ்கோ, ஐ.எல்.ஓ. (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) இரண்டின் ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரையிலேயே, சம்பளம் குடும்பம் நடத்த மட்டுமல்ல, ஆசிரியர் மேற்கொண்டு படித்துத் தகுதியை வளர்த்துக்கொள்ளவும் போதுமானதாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது (அந்த நாளைத்தான் 1994 முதல் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம்). இதைக் கருத்துரையின் முதல் பத்தியிலேயே போடுவோம்.

அப்புறம் பயிற்சி. நாள் முழுக்க உட்கார வைத்து ஸ்லைடு காட்டிக் கையெழுத்து வாங்கி அனுப்புவதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கவே கூடாது. சக ஆசிரியரின் வகுப்பைப் போய்ப் பார்க்கவும் பிறகு உட்கார்ந்து பேசவும் கால அட்டவணையிலேயே பீரியட் ஒதுக்கச் சொல்வோம்.

நலனைக் கடைசிப் பக்கத்தில் விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: 2030-க்குள் உலகில் இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்கிறது யுனெஸ்கோ, அதில் பாதிக்கு மேல் வேலையை விட்டுப் போகிறவர்களின் இடங்கள்.

சரி, மாற்றம் சொல்ல விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள். பணிச்சுமை பற்றி எழுதினால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று அப்படியே குறிப்பிடுங்கள்.