புயல் மழைக்கு முன் நீண்டநாள் நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் அவசரகாலப் பராமரிப்புத் திட்டம் எழுதிவைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

பொருள்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் துணை சுகாதார நிலையம்தோறும் நீண்டநாள் நோயாளிகளின் பட்டியலும் வீட்டுக்கொரு பராமரிப்புத் தாளும் தயாரித்து, மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் சேர்க்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

வேதாரண்யம் வட்டத்தின் கடலோரக் கிராமங்களில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது பணியில் இருந்தேன். அந்த வாரத்தில் கண்ட இரண்டு வீடுகள் இன்றும் மனத்தைவிட்டு நீங்கவில்லை. அவற்றைச் சொல்லாமல் என் கோரிக்கையை விளக்க முடியாது.

முதல் வீடு ஓர் உப்பளத் தொழிலாளியுடையது. அவருக்கு வயது அறுபதுக்கு மேல். பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். புயலில் கூரை போய்விட்டது, அடுப்பு நனைந்துவிட்டது. ஆனாலும் மருத்துவம் தவறக் கூடாது என்று மருமகள் காலையில் வழக்கமான அளவு ஊசியைப் போட்டுவிட்டார். சாப்பாட்டுப் பொட்டலம் வந்து சேரப் பிற்பகல் ஆயிற்று. அதற்குள் அவருக்கு உடல் வியர்த்துக் கொட்டிப் பேச்சுக் குழறத் தொடங்கியிருந்தது. புயலைக் கண்டு பயந்துவிட்டார் என்று எண்ணிப் போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த வழியாக நான் போனது தற்செயல். விழுங்கும் நிலையில் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்ற முடிந்தது. அந்த மருமகள்மேல் ஒரு குற்றமும் இல்லை. "ஊசியைத் தவறாமல் போடம்மா" என்று மாதந்தோறும் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். சோறு இல்லாத நாளில் என்ன செய்வது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்களுக்கும் யாரும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

இரண்டாம் வீட்டில் இருந்தவர் வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொண்டவர். சாலையெங்கும் மரங்களும் மின்கம்பங்களும் விழுந்து கிடந்தன. ஐந்தாம் நாள்தான் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தது, உயிரோடு திரும்பவில்லை. அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது மரம் அறுத்த குழுவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழுவிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை.

அன்றைக்கு இல்லாத பல வசதிகள் இன்று இருக்கின்றன என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலரும், நோய் ஆதரவுச் செவிலியரும், இயன்முறை மருத்துவரும் வாசலுக்கே வருகிறார்கள். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகளும் கிடைக்கின்றன. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் சாலை திறந்திருக்கும், மின்சாரம் இருக்கும் நாட்களை நம்பி நடக்கிறது. நோயாளிகளின் விவரம் பெரும்பாலும் கைபேசிச் செயலியிலும் கணினியிலும் கிடக்கிறது. கஜாவுக்குப் பிறகு எங்கள் ஊர்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை; கைபேசியும் வேலை செய்யவில்லை. அப்படியொரு நாளில் செயலியை எங்கே திறப்பது?

ஆகவே முதலாவதாக நான் கேட்பது ஒரு காகிதப் பட்டியல். மூன்று நாள் மருந்தோ மின்சாரமோ போக்குவரத்தோ நின்றால் உயிருக்கு ஆபத்து வரும் என்ற நிலையில் இருப்பவர்கள் மட்டும் அதில் இருந்தால் போதும். இன்சுலின் போடுபவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், ஆக்சிஜன் கருவியில் இருப்பவர்கள், வலிப்பு நோயாளிகள், புற்றுநோய் வலிக்கு மார்பின் மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீர்க் குழாயோடு படுத்த படுக்கையாக இருப்பவர்கள் என்று எண்ணினால் ஒரு கிராமத்துக்கு ஒன்றிரண்டு பக்கங்களில் அடங்கிவிடும். பட்டியலின் ஒரு பிரதி கிராம சுகாதார செவிலியரிடமும் ஒரு பிரதி கிராம நிர்வாக அலுவலரிடமும் உறையிலிட்டு இருக்க வேண்டும். ஒருவரின் நோய் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை என்பதால் சுவரில் ஒட்டுவது கூடவே கூடாது.

இரண்டாவது, நோயாளியின் வீட்டில் இருக்க வேண்டிய ஒற்றைத் தாள். இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எல்லோருக்கும் ஒரே வாசகத்தை அச்சடித்துக் கொடுத்தால் தீங்குதான் வரும். மாத்திரை சாப்பிடும் ஒரு முதியவருக்குச் சோறு இல்லாத வேளையில் சில மாத்திரைகளை நிறுத்திவைக்க வேண்டியிருக்கலாம். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கோ இன்சுலினை அடியோடு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எனவே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவு செய்து கையெழுத்திட வேண்டும். அதைச் செவிலியர் வீட்டுக்குப் போய், ஊசி போடும் கை யாருடையதோ அவருக்குப் படித்துக் காட்டி, அவர் வாயால் திரும்பச் சொல்லக் கேட்க வேண்டும். சாப்பாடு இல்லையென்றால் என்ன, வாந்தி பேதி என்றால் என்ன, யார் தூக்கிக்கொண்டு போவார்கள், எந்தப் புயல் பாதுகாப்பு மையத்துக்கு என்பவை பெரிய எழுத்தில் இருக்கட்டும். மருந்தோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்தால் மழையிலும் கெடாது.

மருந்தைப் பொறுத்தவரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை கையிருப்பாக இரண்டு வார மருந்து கூடுதலாகக் கொடுக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். பிரிக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பானை வைத்து அதில் குப்பியை வைத்தால் வெயிலின் சூட்டிலிருந்து காக்கலாம். இதையும் செவிலியர்கள் கற்றுக்கொடுக்கட்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேரிடர் காலத்தில் வெளியூர்களிலிருந்து நன்கொடையாக இன்சுலின் வரும். அதன் வலிமை வழக்கமாகப் போடும் மருந்திலிருந்து வேறாக இருக்கலாம். ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட் உள்ள குப்பிக்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் வழக்கமான கோடு வரை இழுத்துப் போட்டால் இரண்டரை மடங்கு மருந்து உடலுக்குள் போய்விடும். முகாமில் இன்சுலின் வழங்குவதைச் செவிலியர் பொறுப்பில் மட்டுமே விட வேண்டும்.

சுகாதாரத் துறைக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் தாங்கள்தான். மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்பதும் அச்சட்டத்திலேயே இருக்கிறது. செவிலியரின் பட்டியலையும் மரம் அறுக்கும் குழுவையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் அதிகாரம் தங்களுக்கே இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளியின் தெரு எது என்பது இனி அந்தக் குழுவின் கையில் முதல் நாளே இருக்க வேண்டும்.

செப்டம்பர் மாத இறுதிக்குள் இப்பணியை முடிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஆண்டில் இயலாதென்றால், வேதாரண்யம் வட்டத்தின் கடலோரத் துணை சுகாதார நிலையங்களிலாவது இந்த ஆண்டு தொடங்கலாம். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும், வீடு வீடாக உடன் வரவும் நானும் என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் மூவரும் ஊதியமின்றி ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
வேதாரண்யம் வட்டம்.

இணைப்பு: வீட்டில் வைக்க வேண்டிய தாளின் கையெழுத்து மாதிரி, ஒரு பக்கம்.